உப்பளத்துத் தாயின் ஓய்வுக்கு யார் பொறுப்பு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்துப் பாத்திகளையும் உப்பு அம்பாரங்களையும் பார்க்காமல் போக முடியாது. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கடலோரப் பேரூரில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. தூத்துக்குடி, வேதாரண்யம் என்று தமிழகத்தின் உப்புத் தொழிலைப் பேசும்போது மரக்காணத்தின் பெயரும் உடன் வரும். இந்தப் பாத்திகளில் ஆண்களோடு பெண்களும் திரளாக உழைக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் தாய்மார்கள். காரில் போகிறவர் காலை பத்து மணிக்கு அந்த வெண்மையைப் பார்த்து வியக்கும்போது அவர்களின் வேலைநாளில் பெரும்பகுதி கழிந்துவிட்டிருக்கும்.

வேலைக்குப் போகும் தாய்மாரின் சோர்வைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், வாரத்தில் ஒரு பொழுதை உங்களுக்கென்று ஒதுக்குங்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள் என்று அறிவுரைகள் வருகின்றன. அவை நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவைதாம். ஆனால் ஒதுக்கப் பொழுதே இல்லாதவளிடம் பொழுதை ஒதுக்கு என்று சொல்வதில் பொருள் இல்லை. உப்பளத்துத் தாயை நடுவில் வைத்துப் பார்த்தால் இந்தச் சோர்வு எங்கே உண்டாகிறது, அதை யாரால் தடுக்க முடியும் என்பது தெளிவாகத் தெரிகிறது. அவளுடைய வேலை ஒரு நேரத்தில் நடக்கிறது. ஊரின் அங்கன்வாடியும் பள்ளியும் மருத்துவமனையும் வேறொரு நேரத்தில் திறக்கின்றன. இடையில் விழும் மணிநேரங்களை அவள் தன் தூக்கத்தையும் உடலையும் கொடுத்து நிரப்புகிறாள். அந்த இடைவெளியை அடைப்பதுதான் சோர்வைத் தடுக்கும் முதல் மருந்து என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

விடியலுக்கு முந்திய வேலை

உப்புத் தொழில் வெயிலை நம்பியது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தை ஒட்டிப் பாத்திகளைச் சீர்செய்யும் வேலை தொடங்கும். மழையில் கரைந்த வரப்புகளைக் கட்டி, சேற்றை அள்ளி, தரை இறுகும்வரை காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். பிறகு உவர்நீரைப் பாய்ச்சி, அது வெயிலில் சுண்டி உப்பாகப் படியும்வரை பாத்தி பாத்தியாக மாற்றிக் காக்க வேண்டும். படிந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவித்து, நீர் வடிந்ததும் கூடையில் அள்ளிச் சும்மாட்டின்மேல் ஏற்றிக் களத்துக்குச் சுமந்து, அம்பாரமாகக் கொட்ட வேண்டும். இது ஐப்பசி மழை வரும்வரை நடக்கும்.

உப்பு படியக் கடும் வெயில் வேண்டும். அதே வெயிலில் மனிதர் நின்று வேலை செய்ய முடியாது. அதனால் விடியலுக்கு முன்பே பாத்தியில் இறங்கி, உச்சி வெயிலுக்கு முன் கரையேறுவது உப்பளங்களின் வழக்கம். ஆணுக்கு இது வேலை நேரத்தை முன்னுக்குத் தள்ளிக்கொள்ளும் விஷயம். அவர் எழுந்து போகலாம். தாய்க்கு அப்படி இல்லை. சோறு ஆக்கி, குழம்பு வைத்து, தண்ணீர் பிடித்து, பள்ளிப் பிள்ளைகளின் துணிமணியை எடுத்து வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்ப வேண்டும். நான்கு மணிக்குப் பாத்தியில் நிற்க வேண்டுமென்றால் இரண்டரைக்கோ மூன்றுக்கோ அடுப்புப் பற்ற வேண்டும். நண்பகலில் திரும்பினாலும் படுக்க முடியாது. துவைக்கும் துணியும் கழுவும் பாத்திரமும் காத்திருக்கும். மாலையில் பிள்ளைகள் வருவார்கள். இரவுச் சமையல் முடித்துப் பாயில் தலை சாய்க்கும்போது அடுத்த நாள் அடுப்புக்கு ஐந்து மணி நேரமே மிஞ்சியிருக்கும்.

இந்தியாவின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எண்ணில் காட்டுகிறது. 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். குழந்தைகளையும் முதியோரையும் பராமரிப்பவர்களிடையே பெண்களுக்கு 137 நிமிடம், ஆண்களுக்கு 75 நிமிடம். ஏழு மணி நேர உப்பள வேலையோடு இந்தத் தேசியச் சராசரிகளைச் சேர்த்தால் பதினான்கு மணி நேரம் வருகிறது. நடந்து போய்வரும் நேரம் இதில் சேரவில்லை. குழாயடியிலும் ரேஷன் கடையிலும் காத்திருக்கும் நேரமும் சேரவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முழு வேலை பார்க்கும் ஒருத்தியைத்தான் நாம் எளிதாக ‘கூலிக்குப் போகிறவள்’ என்று சொல்லிவிடுகிறோம்.

ஆய்வாளர் கண்டதும் காணாததும்

வேலையால் மனிதர் உள்ளே தீர்ந்துபோகும் நிலையை 1974இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ மையத்தில் உழைத்த தொண்டர்களிடம் அவர் அதைக் கண்டார். கலிஃபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981இல் அதை அளக்கும் கேள்விப் பட்டியலை உருவாக்கினார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இதற்கு வரையறை தந்தது. பணியிடத்தின் தீராத நெருக்கடியால் உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், தன்னால் எதுவும் ஆகாது என்ற எண்ணம் வளர்தல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இது நோயல்ல, பணி சார்ந்த நிகழ்வு என்றும், வாழ்க்கையின் மற்றப் பகுதிகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது.

மருத்துவ வகைப்பாட்டுக்கு அந்த எல்லை தேவைப்படலாம். உப்பளத்துத் தாயின் வாழ்க்கையில் அந்த எல்லைக்கோடு கிடையாது. அவளுடைய பணியிடம் பாத்தியில் தொடங்கி அடுப்படியில் முடிகிறது. களத்தில் கால் வலித்தால் வீட்டில் வேலை தாமதமாகும். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் களத்தில் கூலி போகும். இரண்டையும் பிரித்து அளந்தால் ஒவ்வொன்றும் தாங்கக்கூடியதாகவே தெரியும். சேர்ந்து வரும்போதுதான் உடல் ஒடிகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1989இல் வெளியிட்ட நூலில், வேலைக்குப் போகும் தாய்மார் வீடு திரும்பியதும் இன்னொரு முறைப்பணியைத் தொடங்குகிறார்கள் என்பதை விரிவாக எழுதினார். உப்பளத்தில் அந்தக் கணக்கு மூன்றாகிறது. விடியலுக்கு முன் ஒரு வீட்டு வேலை, பிறகு களம், பிறகு மீண்டும் வீடு.

மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பின்னாளில் சோர்வுக்கான காரணங்களை ஆறாக வகுத்தார்கள்: மிகுந்த வேலைச்சுமை, தன் வேலைமீது தனக்கு அதிகாரமின்மை, உழைப்புக்கேற்ற பலன் இல்லாமை, கூடியிருப்போரின் ஆதரவின்மை, நியாயமின்மை, மதிப்பீடுகளின் முரண். இந்த ஆறையும் மரக்காணத்துப் பாத்திகளில் நிறுத்திப் பாருங்கள். சுமை தலையிலேயே இருக்கிறது. வேலை நாளை வானமும் குத்தகைதாரரும் முடிவு செய்கிறார்கள். ஆண்கூலி, பெண்கூலி என்ற பிரிவு கூலி வேலைகளில் இன்னும் பழகிப்போன ஒன்றாக இருக்கிறது; சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆதரவு ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருக்கிறது. கூட வேலை செய்யும் பெண்கள், பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ஆகியோர்தாம் இன்றுவரை அவளைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்துகிறவர்கள்.

இந்த ஆதரவின் மதிப்பை உலக அளவிலான ஓர் ஆய்வும் உறுதி செய்கிறது. பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்காமும் மொய்ரா மிகோலாய்சாக்கும் முன்னின்று நடத்திய அந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. 42 நாடுகளில் 17,409 பெற்றோரிடம் பிள்ளை வளர்ப்புச் சோர்வை அளந்தார்கள். தனிமனிதப் போக்கு மேலோங்கிய மேலைச் சமூகங்களில் அந்தச் சோர்வு கூடுதலாக இருந்தது. பிள்ளையைத் தனியாகச் சுமப்பதே மனிதரைத் தீர்த்துவிடுகிறது என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் இதைக் கேட்டு நாம் நிறைவடைந்துவிடக் கூடாது. கூட்டுப் பராமரிப்பு என்று நாம் பெருமையாகச் சொல்வது நடைமுறையில் இன்னொரு பெண்ணின் இலவச உழைப்பு. பிள்ளையைப் பார்க்கும் ஆயா தன் இளமையை அதே பாத்தியில் செலவழித்தவராக இருப்பார், முழங்கால் தேய்ந்தவர். ஆயா இல்லாத வீட்டில் மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போடுவாள். தாயின் சோர்வை மகளின் படிப்பு ஈடுகட்டுவதை ஏற்பாடு என்று ஏற்க முடியாது.

வெயிலும் தண்ணீரும் கழிப்பறையும்

உப்பளச் சோர்வில் மனத்துக்கு முன்னே உடல் பேசுகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு பல ஆண்டுகளாகத் தமிழகத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையை அளந்து வருகிறது. 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கு ஏழு பேரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. உடலின் நீர் வற்ற வற்றச் சிறுநீரகம் சிரமப்படுகிறது. நாள்தோறும் அது நடந்தால் சேதம் நிலைத்துவிடுகிறது.

பெண்களுக்கு இதில் தனிக் கேடு ஒன்று உண்டு. அதே குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தமிழகத்தில் வெவ்வேறு தொழில்களில் உழைக்கும் 312 பெண்களிடம் வெப்பத்தையும் கழிப்பறை வசதியையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். பணியிடத்தில் கழிப்பறை இல்லாத பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள், சிறுநீர்ப்பாதைத் தொல்லைகளுக்கு ஆளாகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மரமோ மறைவோ இல்லாத உப்பளவெளியில் இது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நாட்களில் உப்புநீரில் நின்று வேலை செய்வது இதைவிடக் கடினம். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று நலவாழ்வு முகாமில் அறிவுரை சொல்லும் முன் அங்கே கழிப்பறை இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கருவுற்ற பெண்களைப் பற்றிய சான்று இன்னும் அழுத்தமானது. 2017 முதல் 2022 வரை தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்தி, மகப்பேறு மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வில் உப்பளம், செங்கல் சூளை, வயல் ஆகிய இடங்களில் உழைத்தவர்களும் இருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். அந்த வெப்பம் கருச்சிதைவு ஆபத்தை இரண்டு மடங்காக்கியது. வயிற்றுப் பிள்ளையோடு உப்பு சுமப்பவளின் சோர்வை மனவலிமையின் குறையாகப் பேசுவது கொடுமை.

சோர்வைப் பற்றிப் பேசும்போது ரத்தசோகையையும் மறக்கக் கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. காலையில் எழவே மனம் வராமை, மூச்சிரைப்பு, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை ஆகியவை பணிச்சோர்வின் அறிகுறிகள். ரத்தசோகையின் அறிகுறிகளும் இவையே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் இரண்டையும் பிரித்தறியலாம். அந்த நிலையத்தின் புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கும் வரை, கூலியை இழக்காமல் அவளால் போக முடியாது. இங்கேயும் சிக்கல் நேரம்தான்.

பிள்ளையை யார் பார்ப்பது?

சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். அதே நூலில், கொற்கைப் பகுதியைப் பேசும் இடத்தில், உப்பு வணிகர்களான உமணரின் குழந்தைகள் அவர்கள் வளர்த்த மந்தியோடு விளையாடும் காட்சி வருகிறது. உப்புத் தொழில் செய்த பெண்ணின் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக நம் இலக்கியத்தின் கண்ணில் பட்ட செய்தி. அந்தக் குழந்தைக்கு இன்றைய சட்டம் என்ன வைத்திருக்கிறது?

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, 26 வாரச் சம்பள விடுப்போடு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற விதியும் வந்தது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே எண்ணிக்கைதான். உப்பளத்தில் நிலம் துண்டு துண்டாகக் குத்தகைக்குப் போகிறது. ஒவ்வொரு குத்தகைதாரரிடமும் சில பேர் வேலை செய்வார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே வெளியில் உழைத்தாலும், சட்டத்தின் கணக்கில் ஐம்பது பேர் ஓரிடத்தில் சேர்வதே அரிது. இந்த ஓட்டையின் வழியாக அவர்கள் எல்லாரும் வெளியே விழுகிறார்கள்.

வேறு துறைகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண்களின் எண்ணிக்கையோடு குழந்தைகளின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுத்தது. 50 பெண்கள் அல்லது 20 குழந்தைகள் இருந்தால் காப்பகம் வைக்க வேண்டும் என்று அது திருத்தப்பட்டது. இலங்கை மலையகத் தமிழர் ‘பிள்ளைக் காம்பரா’ என்று அழைக்கும் காப்பகம், கொழுந்து பறிக்கப் போகும் தாய் வரும்வரை குழந்தையை வைத்துக்கொள்வதற்கென்றே ஏற்பட்டது. நூறு நாள் வேலைத் திட்டம் என்று மக்கள் அழைத்த ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் இன்னும் கீழே இறங்கி வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் பணியிடத்தில் இருந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து, அவருக்கும் கூலி தர வேண்டும் என்றது. ஐம்பது பேர் என்பதிலிருந்து ஐந்து குழந்தைகள் என்பதற்கு வருவதே சரியான பாதை. உப்பளத்துக்கு ஏற்ற அளவுகோலும் அதுதான்.

இந்தியாவில் குழந்தைகளை நோக்கிக் காப்பகமே நடந்துபோன முன்மாதிரியும் உண்டு. 1969இல் டெல்லியில் மீரா மகாதேவன் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் அமைப்பு, கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே காப்பகம் அமைத்து, வேலை முடிந்ததும் அடுத்த இடத்துக்குப் பெயர்ந்தது. குஜராத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பினர், கூட்டுறவாகவே குழந்தைக் காப்பகங்களை நடத்துகிறார்கள். தமிழகத்தில் கல்வியாளர் மீனா சுவாமிநாதன் வாழ்நாள் முழுதும் இதை வலியுறுத்தினார். முன்பள்ளிப் பருவக் குழந்தைகளைப் பற்றி 1972இல் அவர் தலைமையிலான குழு தந்த அறிக்கை, 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறக்க வழிவகுத்தது. அங்கன்வாடி அந்தத் திட்டத்தின் பிள்ளை.

அங்கன்வாடி நம்மிடம் இருக்கிறது. அது பள்ளி நேரத்தை ஒட்டித் திறக்கிறது என்பதே குறை. உப்பளத்துத் தாய் வீட்டை விட்டுக் கிளம்பிப் பல மணி நேரம் கழித்துத்தான் அதன் கதவு திறக்கும். கைக்குழந்தையை நாள் முழுதும் வைத்துக்கொள்ள அதற்கு ஆளும் இடமும் போதாது. அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் ‘பால்னா’ திட்டத்தை மத்திய அரசு 2022இல் தொடங்கியது. அதன் கீழ் மரக்காணத்துக் கடற்கரையில் உப்புக் காலத்துக்கு மட்டும் விடிகாலையில் திறக்கும் காப்பகங்களை அமைத்தால், தாய் தன் மனத்தில் ஒரு பகுதியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பாத்திக்கு வர வேண்டிய நிலை மாறும். கூலி கொடுத்து உள்ளூர்ப் பெண்களையே பராமரிப்பாளராக அமர்த்தினால், தலைச்சுமை தூக்க முடியாத வயதினருக்கும் கௌரவமான வேலை கிடைக்கும்.

நேரத்தைச் சரிசெய்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அது குழந்தைகளின் பசிக்கும் படிப்புக்கும் என்று பேசப்படுகிறது. விடியலுக்கு முன் வேலைக்குப் போகும் தாய்க்கு அது கூடுதல் உறக்கமும் ஆகும். பிள்ளை பள்ளியில் சாப்பிடும் என்ற உறுதி இருந்தால் அடுப்பு அரை மணி நேரம் தாமதமாகப் பற்றலாம். எந்த அறிவுரையாலும் தர முடியாத அரை மணி நேரம் அது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும் இப்படித்தான் இரண்டு தலைமுறைத் தாய்மாரின் பகலை இலகுவாக்கியது.

மழைக்காலத்து அச்சம்

ஐப்பசி முதல் மார்கழி வரை உப்பளத்தில் வேலை இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஓய்வுக் காலம் போலத் தோன்றும். கூலியில்லாத மாதத்தில் யாரும் ஓய்வெடுப்பதில்லை. கடன் வாங்குகிறார்கள். தை மாதம் பாத்தி மிதிக்கப் போகும்போது முதல் மாதக் கூலி கடனுக்கே போகும். அதனால் உடம்புக்கு முடியாத நாளிலும் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. வருடம் முழுவதும் தொடரும் சோர்வின் விதை இந்த மூன்று மாதத்தில் விழுகிறது.

தமிழக அரசு உப்புத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2021இல் அறிவித்தது. மீனவருக்குத் தடைக்கால நிவாரணம் இருப்பதுபோல உப்பளத்தாருக்கும் ஒன்று வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை அதனால் ஏற்கப்பட்டது. அது பாராட்டத்தக்கது. ஆனால் மூன்று மாதத்துக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 ரூபாய்தான் வரும். 2023 முதல் மாதம் 1,000 ரூபாய் வரும் மகளிர் உரிமைத்தொகையையும் சேர்த்தாலும், பால், அரிசி, பள்ளிச் செலவு போகத் தவணைக்கு எதுவும் மிஞ்சாது. தவணை கேட்டு வருகிறவர்கள் வீட்டுக்கு வரும் நேரம் தாய் வீட்டில் இருக்கும் நேரமாகவே இருக்கும். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழகம் 2025இல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. அது ஊருக்குள் தெரியவந்தால் பல வீடுகளில் இரவுத் தூக்கம் கூடும்.

மழையும் இப்போது பழைய மழையாக இல்லை. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் முழுதும் வெள்ளக்காடானது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. 2011இன் தானே புயலும் 2004இன் ஆழிப்பேரலையும் இந்தக் கரை மறக்காதவை. பாத்தி மூழ்கினால் பருவம் தள்ளிப்போகும். நிவாரணம் மாறாத மூன்று மாதத்துக்கே கணக்கிடப்பட்டிருக்கிறது.

பிள்ளை பெறும் காலமும் இப்படியே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புடையது. 26 வாரங்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய்க்கும் குறைவு. அலுவலகத்துத் தாய்க்கு 26 வாரம் முழுச் சம்பளம். இருவருமே பிள்ளை பெற்றவர்கள். இருவருடைய உடலுக்கும் தேறுவதற்கு ஒரே காலம்தான் வேண்டும்.

வீட்டின் பங்கு

அரசையும் குத்தகைதாரரையும் கேட்டுவிட்டு வீட்டை விட்டுவிட முடியாது. 289 நிமிடமும் 88 நிமிடமும் என்ற கணக்கு வீட்டுக்குள் தீர வேண்டியது. கணவனும் களத்தில் உழைத்துக் களைத்து வருகிறான் என்பது உண்மை. இருவரும் களைத்து வந்த வீட்டில் ஒருத்தி மட்டும் அடுப்பின் முன் நிற்பதற்கு நியாயம் என்ன? எப்போதாவது கை கொடுப்பதைவிட ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்வது பயன் தரும். இரவுச் சமையல் ஆணுடையது, தண்ணீர் பிடிப்பது வளர்ந்த மகனுடையது என்று வகுத்துவிட்டால், அந்த வேலையை நினைவில் வைத்துச் சொல்லி வாங்கும் சுமையும் அவளுக்கு இல்லாமல் போகும்.

குடியும் இந்தக் கணக்கில் வருகிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அந்த வீடுகளில் மறுநாள் முதல் எல்லாச் சுமையும் பெண்களின் தலையில் ஏறியது. சாவு நேராத வீடுகளிலும் குடி, கூலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, தாயை இன்னொரு நாள் கூடுதல் வேலைக்கு விரட்டுகிறது. தாயின் சோர்வைத் தடுக்க நினைக்கும் எந்தத் திட்டமும் மதுவிலிருந்து மீட்கும் சிகிச்சையை ஒதுக்கிவைக்க முடியாது.

தாய்மார் தங்களுக்குள் செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. மூன்று நான்கு வீட்டார் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, முறைக்காரிக்கு மற்றவர் கூலியில் பங்கு தருவது ஆகியவை சிறு ஏற்பாடுகள். ஆனால் உறுதியான பலன் தருபவை. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் தவணையோடு தூக்கத்தையும் உடம்பையும் பேசலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழுவாகவே போய் ரத்தமும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளலாம். தூக்கம் வராமல், காரணமின்றி அழுகை வந்து, பிள்ளைமேல் அடக்க முடியாத கோபம் எழுந்து, வாழவே பிடிக்காமல் போனால் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணில் இலவசமாக, தமிழில், எந்நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கிறது.

செய்ய வேண்டியவை

மரக்காணத்துக்கு வேண்டியவை பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல. பலவற்றுக்குச் சட்டமோ திட்டமோ ஏற்கெனவே இருக்கிறது. உப்புக் காலத்தில் விடிகாலையில் திறக்கும் காப்பகம்; ஐந்து குழந்தை இருந்தால் ஒரு பராமரிப்பாளர் என்ற விதி உப்பளத்துக்கும் நீள்வது; களத்தருகே நிழற்கூடமும் குடிநீரும் பெண்களுக்கான கழிப்பறையும், அவற்றை அமைப்பதை நிலக் குத்தகையின் நிபந்தனையாக்குவது; வாரத்தில் இரண்டு நாளாவது மாலையில் நடக்கும் மருத்துவப் பிரிவு; கூலி உயர்வுக்கும் விலைவாசிக்கும் ஏற்ப உயரும் மழைக்கால நிவாரணம், அதைத் தாயின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது; கருவுற்றவளுக்குக் கூலியோடு விடுப்பு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்த அறிவிப்பு இறப்புக்குப் பின் தரும் இழப்பீட்டோடு நின்றுவிடாமல், வெயில் மிகுந்த நாளில் வேலையை நிறுத்தி அன்றைய கூலியை ஈடுகட்டும் ஏற்பாடாக வளர வேண்டும்.

உப்பளத்துத் தாய்மார் பொறுமைசாலிகள், எதையும் தாங்குவார்கள் என்று புகழ்வதை நாம் நிறுத்த வேண்டும். அந்தப் புகழ்ச்சி அவர்கள்மேல் இன்னும் கொஞ்சம் சுமையை ஏற்றிவைக்கவே பயன்பட்டிருக்கிறது. தாய்மார் சோர்ந்துபோவதைத் தடுக்கும் பொறுப்பு, அவர்கள் விளைவித்த உப்பைத் தினமும் சோற்றில் இடும் நம் எல்லாருக்கும் உண்டு. உங்கள் ஊராட்சியில், பேரூராட்சியில், சட்டமன்ற உறுப்பினரிடம் அடுத்த முறை பேச நேரும்போது ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நம் ஊரில் விடியலுக்கு முன் வேலைக்குப் போகும் தாயின் குழந்தையை யார் பார்க்கிறார்கள்? பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.